ஒகேனக்கல் இறக்கமும் ஒரு ஜோடி பிரேக் பேடும்

ஒகேனக்கல் போய்வந்தவர்களைக் கேளுங்கள். அருவி, எண்ணெய் மசாஜ், மீன் வறுவல் என்று வரிசையாகச் சொல்வார்கள். பழைய கார் வைத்திருப்பவரைக் கேட்டால் ஒரே வார்த்தைதான் சொல்வார்: 'பிரேக்!'

தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரை ஜாலியாகப் போகலாம். அதைத் தாண்டினால் காடு, வளைவு, இறக்கம். காவிரியைப் பார்க்கப் போகிற ரோடு, காவிரியைவிட அவசரமாகக் கீழே பாய்கிறது. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் ஒவ்வொரு வண்டியையும் இன்ஸ்பெக்டர் மாதிரி ஏற இறங்கப் பார்க்கின்றன.

நாங்கள் போனது நண்பருடைய 1970 மாடல் அம்பாசடரில். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பிரேக்குக்கு உதவி செய்ய சர்வோ கிடையாது. நண்பருடைய வலது கால்தான் சர்வோ. பாதி இறக்கத்தில் ஏதோ கருகுகிற வாசனை. பின்சீட்டில் ஒருவர், "ஆஹா, மீன் வறுக்கிறாங்க போல!" என்றார். நண்பர் சிரிக்கவில்லை. "பெடல் ஆழமா போகுதுப்பா" என்றபடி கியரைக் குறைத்து, ஓரமாக நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அரை மணி நேரம் குரங்குகளோடு உட்கார்ந்திருந்தோம்.

விஷயம் இதுதான். டிரம் பிரேக்கில் சூடு, மூடி போட்ட சட்டிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. டிரம் விரியும், லைனிங்கின் பிடி தளரும். போதாக்குறைக்கு பிரேக் ஆயில் நாளாக ஆகக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு மெத்தை. டிஸ்க் பிரேக்கோ வெட்டவெளியில் சுற்றுகிறது. காற்றிலேயே ஆறிவிடும்.

"அப்ப டிஸ்க் மாட்டிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"மாட்டறேன். சாமானுக்கு எங்க போறது?"

நண்பர் ஒரு கன்வர்ஷன் கிட்டுக்காக இரண்டு வருஷமாக அலைகிறார். செய்து கொடுத்தவர் கடையை மூடிவிட்டார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை, கோவை உக்கடம், பெங்களூர் ஜே.சி. ரோடு என்று ஒரு க்ஷேத்திராடனமே முடித்தாகிவிட்டது. எல்லா சந்நிதியிலும் ஒரே பிரசாதம்: "இப்ப வர்றதில்லைங்க."

ஏன் வருவதில்லை? பழைய கார் ஸ்பேர் கடைகளை வாழவைத்தவர்கள் நம்மைப் போன்ற ரசிகர்கள் அல்ல, டாக்சிக்காரர்கள். நாம் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வாஷர் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிற ஜாதி. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 20 வருஷ வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஓடுகிற வண்டி இல்லாவிட்டால் கடைக்காரர் எதை நம்பி சரக்கு போடுவார்?

அருவிக்குக் கீழே பரிசல் ஏறினோம். பரிசல்காரர் சுழலில் நாலு சுற்று சுற்றிவிட்டு, துடுப்பை ஒரே அழுத்து அழுத்தி நிறுத்தினார். "ஓட்டை விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்றேன். "மூங்கிலு, பிளாஸ்டிக் சாக்கு, தாரு. எந்த ஊர்ல கெடைக்காது?" என்றார். நண்பர் அவரை ஏக்கத்தோடு பார்த்தார்.

அதே பாடத்தைத்தான் திரும்பும்போது தர்மபுரியில் ஒரு மெக்கானிக்கும் சொன்னார். அறுபதைத் தாண்டியவர். "சார், டிஸ்க் மாட்டறது பெரிசில்ல. அஞ்சு வருஷம் கழிச்சு பேடு கெடைக்கணும், அதான் பெரிசு. இன்னிக்கு ரோட்டுல ஆயிரக்கணக்கா ஓடுதே, அந்த வண்டியோட பேடும் காலிப்பரும் பொருந்தற மாதிரி பிளான் பண்ணுங்க."

அவர் சொன்ன இன்னொன்று: கார் கம்பெனியைத் தேடாதே, பிரேக் கம்பெனியைத் தேடு. காலிப்பரில் பொறித்திருக்கும் நம்பர் பெரும்பாலும் பிரேக் செய்தவருடையது. சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இன்றும் இருக்கிறது. அது ஆரம்பித்த காலத்தில் ஓடிய கார் கம்பெனிகள்தான் காணோம். பிற்கால அம்பாசடர்கள் சிலவற்றுக்கு முன்சக்கர டிஸ்க் கம்பெனியிலிருந்தே வந்தது. கழித்துக்கட்டிய அந்த வண்டிகளில் முதலில் தேடச் சொன்னார். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அதன் இங்கிலாந்து உறவுக்காரரான டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் 1962-லேயே முன் டிஸ்க்கோடு வந்தது. சாமானை அங்கிருந்து தருவிக்கலாம், சுங்க வரி தாங்கினால்.

கிடைத்துவிட்டால் அளவெடுங்கள். காலிப்பர் வீலில் உரசக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் அதற்கேற்ற ஆயிலைத் தள்ள வேண்டும். டிஸ்க்குக்கு மிதி அதிகம் வேண்டும் என்பதால் சர்வோவும் தேவைப்படலாம். பிராக்கெட்டை லேத்தில் செய்யலாம். ஆனால் உயிர் தொங்குகிற சாமான், சும்மா வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது. எதையும் அறுக்காமல் போல்ட்டிலேயே மாட்டுங்கள். கழற்றிய டிரம்மைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் பரணில் வையுங்கள். 50 வயதான கார்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் வந்த மத்திய அரசு விதி, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. நாளைக்கே மாற்ற வேண்டி வந்தால் டிரம் கையிலிருக்கும்.

எல்லாவற்றையும் நண்பர் டைரியில் எழுதிக்கொண்டார். "சாமான் கெடைக்கற வரைக்கும் என்ன பண்றது?" என்று கேட்டார்.

"ஆயிலை மாத்துங்க. மேலேயே ரெண்டாவது கியர் போட்டு எறங்குங்க சார். எந்தக் கடையை மூடினாலும் அந்த ஸ்பேர் உங்க வண்டியிலயே இருக்கு."