குமிழி ஊதும் குழந்தை

டச்சுக் கலைஞர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸின் பெயரில் 1594இல் ஒரு செப்புத்தகட்டுச் செதுக்கோவியம் வெளியானது. ஆடையற்ற சிறுவன் மண்டையோட்டில் சாய்ந்து சோப்புக் குமிழி ஊதுகிறான். அருகில் பூ, புகையும் கலயம். கீழே லத்தீனில், ‘யார் தப்புவார்?’ மனித வாழ்வு நீர்க்குமிழி என்பதற்கு அவன் உருவகம். அடுத்து வந்த பரோக் காலத்திலும் இந்தச் சிறுவன் திரும்பத் திரும்ப வரையப்பட்டான்.

ஏழாம் மாதத்தில் பிள்ளையை இழந்தவள் நான். படத்தில் அவனைப் பெற்றவளைத் தேடினேன். அவள் இல்லை. குழந்தைச் சாவு சகஜமாயிருந்த அக்காலத்தில் ஓவியர்களுக்குக் குழந்தை ஒரு குறியீடு. பெற்றவளுக்கோ பால் கட்டிய மார்பு, காலித் தொட்டில்.

‘எதுவும் நிலையில்லை’ என்று என்னையும் தேற்றினார்கள். அது எனக்குத் தெரியும். என் பிள்ளையைப் பற்றித்தான் யாரும் கேட்கவில்லை.