எலும்பு போய்ப் படம் நின்றது

ஷிகெரு கோமத்சுசாகியின் படங்களை நான் கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறேன். 1915இல் பிறந்த அந்த ஜப்பான்காரர் சிறுவர் இதழ்களுக்கும் பிளாஸ்டிக் மாடல் பெட்டிகளுக்கும் வரைந்தே வாழ்ந்தவர். 1963இல் டோஹோ எடுத்த ஒரு படத்துக்காக, மூக்கில் துளைப்பானோடு பூமியையே குடைந்து போகும் நீர்மூழ்கியை வடிவமைத்தவரும் அவர்தான். 1995இல் அவர் வீடு தீப்பிடித்ததில் மூலப் படங்கள் நிறைய எரிந்துவிட்டன. அச்சுக்குப் போனவை தப்பின.

எங்கள் கன்னிவாடிக்குப் பாதாள உலகம் வந்த வழி வேறு. லண்டன் ‘வேலியண்ட்’ இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயினின் ஜீசஸ் பிளாஸ்கோ. 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் அதை ‘இரும்புக்கை மாயாவி’ ஆக்கியது. மாமா அதற்காகவே திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறுவாராம். கறுப்பு மை, மட்டமான தாள். அதுவே போதுமாக இருந்திருக்கிறது. ஊரில் எங்கே கிணறு வெட்டினாலும் போய் எட்டிப் பார்ப்பேன் என்பார்.

எட்டிப் பார்த்திருக்க வேண்டிய இடம் அரியலூர்ப் பக்கம். அங்கே கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். பெருத்த உடல் கொண்ட பல்லி என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் மாமிசம் தின்னும் மிருகம் என்றார்கள், பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று ஆயிற்று. ஆனால் எலும்புகள் பொடிந்துபோயின. கட்டுரையில் இருந்தவை கோட்டோவியங்கள்தான். அதனால், அது எலும்பா இல்லை கல்லாகிப்போன மரமா என்றுகூட ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். 2022இல்தான் அந்தக் காலத்துப் புகைப்படங்கள் வெளிவந்தன.

இதை மாமாவிடம் சொன்னபோது, “எலும்பே இல்லேன்னா எப்படிப்பா நம்புறது?” என்றார்.

“அந்தப் படம் இல்லேன்னா சந்தேகப்படக்கூட ஆள் இருந்திருக்காது மாமா.”

அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய காமிக்ஸ் கட்டில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடச் சொல்லி அத்தை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுபதிப்பு கிடைக்கும்தான். ஆனால் ஓரத்தில் பென்சிலால் மாமா வரைந்து பழகிய இரும்புக் கைகள் எந்த மறுபதிப்பிலும் வராது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அந்தப் பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் படமெடுத்தேன். நாற்பத்தொரு கைகள். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.