அப்பாவும் பதினெட்டு குழிகளும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். இப்போ ஒரு நல்ல விஷயம்: ஜூன்ல அப்பா வர்றார். எடின்பரோவுக்கு, முதல் தடவையா.

பொட்டி தட்டுறவன் ஊர் சுற்ற ப்ளான் போட்டா எப்படி இருக்கும்? எக்ஸெல் ஷீட்தான். கோட்டை, ஏரி, மலை எல்லாம் எழுதியாச்சு. ஆனா முதல் வரியில இருக்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ். கடலோரத்துல இருக்கிற ஓல்டு கோர்ஸ், கோல்ஃபுக்குத் தாய்வீடு மாதிரி. ஒரு ஆட்டத்துக்குப் பதினெட்டு குழின்னு கணக்கு வந்ததே 1764-ல இங்க இருந்துதான்.

எனக்கும் கோல்ஃபுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. அப்பாவுக்கு உண்டு. பதிமூணு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, மலையில ஒரு கிளப்ல மூணு வருஷம் கேடியா பை தூக்கினவர். எந்தக் குழிக்கு எந்த மட்டைன்னு துரைமாருக்கே சொல்லித் தருவாராம். ஆனா ஒருநாள் ஆள் இல்லாத நேரத்துல சும்மா ஒரு பந்தைத் தட்டிப் பார்த்ததுக்கு முதுகுல அடி வாங்கியிருக்கார். இதை அம்மாதான் சொன்னாங்க. அவர் சொன்னதில்லை.

அதனால என் திட்டம் பெருசா இருந்தது. அப்பாவை ஓல்டு கோர்ஸ்ல ஆட வைக்கணும்! விசாரிச்சா, இடம் கிடைக்கக் குலுக்கல். அதுக்குப் பேர் கொடுக்க ஹேண்டிகேப் சான்றிதழ் வேணும். கோடையில ஒரு ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல. காசைக்கூட கிரெடிட் கார்டுல தேய்ச்சிடலாம். பை தூக்கினதுக்கு யாரு சான்றிதழ் கொடுப்பாங்க? ஷீட்ல அந்த வரியை அழிச்சேன். மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம்தான் ரெண்டு விஷயம் தெரிஞ்சது. ஒண்ணு, அது பொதுச்சொத்து. பெரிய போட்டி நாட்கள் தவிர, ஞாயித்துக்கிழமை அங்க ஆட்டமே கிடையாது. ஊர் ஜனங்க நாயைக் கூட்டிக்கிட்டு புல்வெளியில நடக்கிறாங்க. பழைய ஸ்வில்கன் கல்பாலத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாம். ரெண்டு, பக்கத்துலயே மேடும் பள்ளமுமா ஒரு பட்டிங் புல்தரை. 1867-ல பெண்கள் ஆரம்பிச்ச கிளப்போடது. சில பவுண்டு கொடுத்தா யார் வேணா ஆடலாம், மட்டையும் அவங்களே தருவாங்க. அதோட செல்லப்பேர் என்ன தெரியுமா? ஹிமாலயாஸ்! மலைக்காரருக்கு இதைவிட என்ன வேணும் :-)

ஆக, சனிக்கிழமை காலையில ரயில். லூக்கர்ஸ் வரைக்கும் ஒரு மணி நேரம், அங்கிருந்து பஸ்ல பத்து நிமிஷம். மத்தியானம் ஹிமாலயாஸ். ராத்திரி அங்கயே தங்கல். ஞாயித்துக்கிழமை ஓல்டு கோர்ஸ்ல நடை. நடுவுல கதீட்ரல் கல்லறையில ஓல்டு டாம் மாரிஸுக்கு ஒரு வணக்கம். நெசவாளி மகன், பந்து செய்யிற வேலைக்குச் சேர்ந்து, நாலு தடவை ஓப்பன் ஜெயிச்சவர். கடல்காத்துக்கு ஸ்வெட்டர், முட்டிவலித் தைலம், எல்லாம் லிஸ்ட்ல இருக்கு.

நேத்து போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"உள்ள விடுவாங்களாடா?"

"ஞாயித்துக்கிழமை யார் வேணா நடக்கலாம்ப்பா. அன்னிக்கு ஆட்டம் கிடையாது."

"அப்போ பை தூக்குற பசங்களுக்கும் லீவா?"

"ஆமாப்பா."

"நல்ல ஊருடா"ன்னார். அப்புறம் மெதுவா, "அந்த மட்டை... நானே பிடிக்கலாம்ல?"

எக்ஸெல் ஷீட்ல மத்த எல்லா வரியையும் அழிச்சாலும் பரவாயில்லை.

டிஸ்கி: ஜூன்ல அங்க மழை எப்படின்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்கப்பு. குடை ஒண்ணா, ரெண்டா?