தீ வைத்தவர் பெயர் எழுதலாமா?

நம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் பகை முற்றினால் எரிவது வைக்கோல் போரும் கூரை வீடும்தான். மாட்டுத் தீனியும், பெட்டியிலிருந்த பத்திரமும் ஒரு தீக்குச்சியில் போய்விடும். வீட்டைக் கொளுத்தினால் ஆயுள் தண்டனை வரை உண்டு. முன்பு 436-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் 326.

கலிபோர்னியாவில் தீவைத்துத் தண்டனை பெற்றவர், விடுதலைக்குப் பிறகு போலீசில் பதிந்துகொள்ள வேண்டும். இங்கும் வேண்டும் என்றால், எரிந்த வீட்டுக்காரர் ஆமாம் என்பார். அவர் பயம் நியாயமானது.

ஆனால் நம் ஊர் பதிவேட்டை ஏற்கெனவே பார்த்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்த கைரேகைச் சட்டம், குறவர், பிரமலைக் கள்ளர் என்று சாதியையே பதிந்தது. குற்றமே செய்யாதவரும் ராத்திரி ஸ்டேஷனில் ஆஜராக வேண்டியிருந்தது.

ஆகவே தீர்ப்பானவர் பெயர் மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் இருக்கட்டும். அவர் பிள்ளைகள் மேல் அந்தக் கரி ஒட்டக்கூடாது.