பொன்னாச்சியார் புரண்டு படுத்த இரவு

சரணாகதிக்கு எத்தனையோ வியாக்கியானங்கள் உண்டாயினும், அகங்காரத்தின் சூட்சுமத்தைக் காட்டுவதில், ஸ்ரீவைஷ்ணவ குருபரம்பரை சொல்லும் பிள்ளை உறங்காவில்லி தாசர் வீட்டுக் கதைக்கு ஈடானதொன்றை நான் அறியேன்.

இராமாநுசரின் ஏவலால் சீடர் சிலர் நள்ளிரவில் அவ்வீட்டினுள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த தாசரின் பத்தினி பொன்னாச்சியாரின் ஒருபக்கத்து நகைகளை மெல்லக் கழற்ற, விழித்துக்கொண்ட அம்மையார், பாவம், வறுமையால் வந்த வைஷ்ணவர்கள் என்றிரங்கி, மறுபக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டுமென்று தூக்கத்தில் புரள்பவர்போலப் புரண்டு படுத்தார். வந்தவர்களோ அஞ்சி ஓடிவிட்டனர். தாசர் பாராட்டவில்லை, கடிந்துகொண்டார்: எல்லாம் பெருமாளுடைய சொத்து என்றிருந்தால் சும்மா கிடந்திருப்பாய், ‘என் நகை, நான் கொடுக்கிறேன்’ என்ற நினைப்பல்லவா உன்னைப் புரளச் செய்தது!

எனக்கென்னவோ அம்மையாரின் பக்கம் நின்று வாதாடவே தோன்றுகிறது. ஒற்றைத் தோடு தொலைந்தாலே ஊரைக் கூட்டிவிடும் நமக்கு அந்தக் கருணை லேசில் வருமா? ஆயினும் தாசர் கைவைத்த இடம் சரியான இடந்தான். லோபியின் அகங்காரத்தை ஊரார் ஒரு நொடியில் கண்டுகொள்வர். தானம் செய்கிறவனுடையதோ, திருமண் இட்டுக்கொண்டு, அவனுக்கே தெரியாமல் புண்ணியப் பந்தியில் அமர்ந்துவிடுகிறது.

அந்தச் சீடர்களை ஏன் அனுப்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: உலர்த்தியிருந்த வஸ்திரம் சிறிது கிழிந்துபோனதற்காக அவர்கள் மடத்தில் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டதை, கிழித்துவைக்கச் சொன்ன இராமாநுசரே கேட்டுக்கொண்டிருந்தாராம்.