கப்பல் பழுது, வர இயலாது

எங்கள் திருமணத்தின் 40ஆம் ஆண்டு நிறைவுக்குப் பிள்ளைகள் அளித்த பரிசு, மத்தியதரைக் கடலில் ஏழு நாள் கப்பல் உலா. உரோமைக்கு அருகிலுள்ள சிவித்தாவெக்கியா துறைமுகத்தில் ஏறி, நேப்பிள்ஸ் கண்டு, சிசிலித் தீவின் மெசினாவைத் தொட்டு, அங்கிருந்து மால்டா செல்வதென 2024 செப்டம்பரில் எங்கள் பயணம் வகுக்கப்பட்டிருந்தது. மால்டாவின் பெயரைக் கண்டவுடனேயே எங்கள் உள்ளம் அங்கே சென்றுவிட்டது. புனித பவுல் ஏறி வந்த கப்பல் 276 பேருடன் பதினான்கு நாள் புயலில் அலைக்கழிந்து, இறுதியில் உடைந்து கரை ஒதுங்கிய தீவல்லவா அது! அவர்கள் அங்கே மூன்று மாதம் தங்கினார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததோ பத்து மணி நேரம். அதுவும் கிட்டவில்லை.

மெசினாவை விட்டுப் புறப்பட்ட இரவு, நள்ளிரவுக்குப் பின் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டோம். ஓசை கேட்டு விழிப்பது உலக வழக்கு. எங்களை எழுப்பியதோ, ஓசை நின்றுபோனது. மூன்று நாள்களாகத் தரைக்கடியில் இடையறாது முணுமுணுத்துக்கொண்டிருந்த அந்த மெல்லிய அதிர்வு அடங்கிவிட்டிருந்தது. பொழுது விடிந்தபோது கப்பல் அசையாமல் மிதந்தது. மேற்கே எட்னா எரிமலை, இரவு நாங்கள் உறங்கச் சென்றபோது இருந்த திசையிலேயே நின்றது. "தொழில்நுட்பக் காரணத்தால் சிறிது தாமதம்" என்று ஒலிபெருக்கி அறிவித்தது. இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் அதே அறிவிப்பு. நண்பகலில், மால்டாவுக்குச் செல்லவில்லை, மெசினாவுக்கே திரும்புகிறோம் என்றார் கப்பல் தலைவர்.

அன்று பிற்பகல் கப்பலின் அரங்கில் அதிகாரி ஒருவர் நடந்ததை விளக்கினார். இக்காலத்து உலாக் கப்பல்கள் பலவற்றில் டீசல் இயந்திரங்கள் நேராகப் புரொப்பல்லரைச் சுழற்றுவதில்லை. அவை மின்சாரத்தை மட்டுமே உண்டாக்குகின்றன. கப்பலின் அடிப்புறத்தில், நீருக்குள் தொங்கும் பெரிய உலோகக் கூடுகளினுள் மின்மோட்டார்கள் இருக்கின்றன. அவையே புரொப்பல்லரைச் சுழற்றுகின்றன. கூடு எத்திசையிலும் திரும்பக்கூடியதாதலால் தனியே சுக்கானும் தேவையில்லை. எங்கள் கப்பலில் அத்தகைய கூடுகள் இரண்டு. அவற்றுள் ஒன்றில் தண்டைத் தாங்கும் பேரிங் சூடேறிவிட்டது. நீருக்குள் இருக்கும் அதை முழுவதும் கழற்றிச் சரிசெய்ய வேண்டுமானால், கப்பலை உலர்துறைக்குக் கொண்டுசென்று நீரை வடித்தாக வேண்டும். மெசினாவிலிருந்து மால்டா ஏறத்தாழ 150 கடல் மைல். 20 நாட் வேகத்தில் ஏழரை மணி நேரத்தில் கடக்கும் தூரத்தை, ஒற்றைக் கூட்டுடன் 12 நாட் வேகத்தில் கடக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். அதற்கும் முன்னதாகப் பொறியாளர்களும் கப்பல் தரச் சான்று வழங்கும் ஆய்வாளரும் வந்து பார்த்தாக வேண்டும்.

எங்கள் மருமகன் ஊரிலிருந்து ஒரு பழைய செய்தியை அனுப்பி எங்களைத் தேற்றினார். 2013 பிப்ரவரி 10 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 'கார்னிவல் ட்ரையம்ப்' என்ற கப்பலின் இயந்திர அறையில் தீப்பற்றியது. எரிபொருள் திரும்பிச் செல்லும் குழாய் ஒன்றில் ஏற்பட்ட கசிவே காரணம். 4,200 பேருக்கும் மேலானோர் அதில் இருந்தனர். முதன்மை மின்சாரமும் ஓட்டமும் இழந்த அக்கப்பல், இழுவைப் படகுகளால் இழுக்கப்பட்டு 14ஆம் தேதி இரவுதான் அலபாமா மாநிலத்தின் மொபில் துறைமுகத்தை அடைந்தது. அதை நோக்க எங்களுக்கு நேர்ந்தது ஒன்றுமேயில்லை. விளக்கு எரிந்தது, உணவு சூடாக வந்தது.

ஆயினும் நாங்கள் தேறவில்லை. வரவேற்பு மேடைமுன் நின்ற நீண்ட வரிசையில் நாங்களும் போய் நின்றோம். அங்கிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு இளம்பெண் காலையிலிருந்து ஒரே விடையை நூறு முறையாவது சொல்லியிருப்பாள். ஒரு துறைமுகம் விடுபட்டால் அதற்குரிய துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பக் கிடைக்கும். அது பயண ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் முன்பே அச்சிடப்பட்டிருந்தது. "கட்டணம் வாங்கும்போது உங்களுக்குத் தாமதம் நேரவில்லையே!" என்று நாங்கள் கேட்டோம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பெண் தலைகுனிந்து, "மன்னியுங்கள்" என்றாள். கப்பலைப் பழுதாக்கியவளும் அவளல்லள், சட்டம் எழுதியவளும் அவளல்லள். அது எங்களுக்கு அப்போதும் தெரியும்.

மறுநாள் மெசினாத் துறைமேடையில் நடந்துகொண்டிருந்தோம். கப்பலின் கயிறு கட்டும் இரும்புத் தூணின்மேல் அமர்ந்து, எண்ணெய்க் கறை படிந்த பணியுடையில் ஓர் இளைஞர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டேம்மா, நல்லாத் தூங்கினேம்மா" என்ற சொற்கள் காதில் விழவும் எங்கள் கால்கள் தாமாகவே நின்றன.

அவர் தூத்துக்குடிக்காரர். எங்கள் கப்பலின் இயந்திர அறையில் பணிபுரிபவர். முந்தைய நாள் நள்ளிரவு முதல் படுக்கையைப் பார்க்கவில்லை என்றார். 24 மணி நேரத்தில் 14 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கூறுகிறது. ஆனால் கப்பலுக்கே ஆபத்து என்னும்போது அந்த வரம்பைத் தற்காலிகமாக விலக்கிவைக்கத் தலைவருக்கு உரிமை உண்டு. ஓய்வு பின்னர் தரப்படும். பேரிங்கின் எண்ணெயில் இரும்புத்தூள் கலந்து வந்ததைக் கண்டதும் கூட்டை நிறுத்திவிட்டு, கொதிக்கும் வெப்பத்தில் விடியும்வரை உள்ளே இறங்கி ஏறியவர்களுள் இவரும் ஒருவர். நாங்கள் மேல்தளத்தில் முணுமுணுத்துக்கொண்டே காலை உணவு உண்டபோது, எங்கள் காலடியில் பத்து மாடி கீழே அவர் நின்றிருந்தார்.

"உங்களுக்கு ஊருக்குப் போக விடுப்பு எப்போது தம்பி?" என்று கேட்டோம்.

"இந்த வாரமே இறங்க வேண்டியது ஐயா. வர்ற ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் புதுநன்மை. இப்போ கப்பல் உலர்துறைக்குப் போறதால வேலை முடியற வரைக்கும் இருக்கச் சொல்லிட்டாங்க." சற்று நிறுத்தி, பின் சிரிக்க முயன்றார். "கப்பல் பழுதுன்னு சொன்னா வீட்டில யாரு நம்புவா, ஐயா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்க அஞ்சினோம் என்பதே உண்மை.

1984இல் எங்கள் திருமணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் ஒரு தந்தி வந்தது: "கப்பல் பழுது, வர இயலாது." அனுப்பியவர், எங்களில் ஒருவருக்கு அண்ணன், மற்றவருக்கு மைத்துனர். சரக்குக் கப்பலில் இயந்திர அறைப் பணியாளர். தந்தையில்லாத வீட்டில் தங்கையைக் கைப்பிடித்துப் பீடம்வரை அழைத்துச் செல்ல வேண்டியவர். அவருக்குப் பதிலாகத் தாய்மாமன் அழைத்துச் சென்றார். நான்கு மாதம் கழித்து வந்த அண்ணன், ஒரு தாளில் இயந்திரத்தை வரைந்து, எந்த உறுப்பு வெடித்தது, மாற்று உறுப்புக்காக எத்தனை நாள் நங்கூரமிட்டுக் காத்திருந்தார்கள் என்றெல்லாம் விளக்கினார். நாங்கள் புன்னகையோடு கேட்டுக்கொண்டோம். அவர் போனபின், "பழுதாவதற்கு அந்தக் கப்பலுக்கு நம் திருமண நாள்தான் கிடைத்ததோ?" என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். சம்பளத்தைக் கணக்குப் பார்த்து வராமல் இருந்துவிட்டார் என்பதே எங்கள் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நாங்கள் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆயினும் அவர் அறிந்தே இருந்தார் என்று நினைக்கிறோம். பிற்காலத்தில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். 2006இல் காலமானார்.

எங்களில் அவருடைய தங்கையானவர் அந்த இளைஞரிடம் கைநீட்டினார். "தம்பி, உங்க அம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை பேசட்டுமா?" அவர் மீண்டும் வீட்டை அழைத்துத் தொலைபேசியைத் தந்தார். "அம்மா, நாங்களும் அதே கப்பல்லதான் வந்தோம். பழுதானது உண்மை, நாங்க கண்ணால பார்த்தோம். உங்க மகன் ராத்திரி முழுக்கத் தூங்கல. அவர்மேல யாரும் வருத்தப்பட வேண்டாம்னு மருமகள்கிட்டயும் பேத்திகிட்டயும் சொல்லுங்க." மறுமுனையில் அந்தத் தாய் அழுதார். இங்கே பேசியவரும் அழுதார். இளைஞர் செய்வதறியாது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பலுக்குத் திரும்பியதும் வரவேற்பு மேடையில் அதே பெண் இருந்தாள். எங்களைக் கண்டதும் அவள் முகம் சற்று இறுகியது. முந்தைய நாள் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம். யாரும் அவ்வாறு கேட்டுப் பழக்கமில்லாதவள்போல் அவள் சிறிது நேரம் விழித்தாள், பின் நன்றி என்றாள்.

ஊர் திரும்பிச் சில வாரங்களில், தவறிப்போன மால்டாவுக்குரிய துறைமுகக் கட்டணம் எங்கள் கணக்கில் வந்து சேர்ந்தது. சிறு தொகைதான். அதில் மலர்களும் மெழுகுதிரிகளும் வாங்கிக்கொண்டு, நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அண்ணனின் கல்லறைக்குச் சென்றோம். ஆண்டுதோறும் செல்வதுதான். ஆனால் இம்முறை திரி ஏற்றிவிட்டுச் செபத்தைத் தொடங்குமுன், "நீங்கள் சொன்னது உண்மைதான், அண்ணா" என்று இருவரும் வாய்விட்டுச் சொன்னோம். அதைச் சொல்ல எங்களுக்கு நாற்பது ஆண்டுகள் தாமதமாகிவிட்டது.