ஓரிடம் தள்ளி

போபாலில் நான் பணியேற்ற ஆண்டு அது. ஆறாம் வகுப்பு மாணவர் மனத்தில் மெய்யெழுத்து வரிசை தங்கவே இல்லை. ஆகவே, மறையெழுத்து விளையாட்டு ஒன்றைக் கற்பித்தேன். ரோமானியத் தலைவர் ஜூலியஸ் சீசர் தம் மடல்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஈடாக, மூன்று இடம் தள்ளி வரும் எழுத்தை எழுதினாராம். நாம் ஓரிடம் மட்டும் தள்ளுவோம் என்றேன். 'க்' என்பது 'ங்' ஆகும்; இறுதியிலுள்ள 'ன்' மீண்டும் 'க்' ஆகும்; உயிரொலி மாறாது. 'தமிழ்' என்பது 'நயிள்' ஆனது. வகுப்பே சிரித்தது.

மறுநாள், அதிகம் பேசாத மாணவி ஒருத்தி தாள் ஒன்றை நீட்டினாள். 'அய்யா ஊலிவ்' என்றிருந்தது. என்னைத்தான் அழைக்கிறாள் என்று கருதினேன். பின்னோக்கி எண்ணியபோதுதான் விளங்கியது: 'அம்மா ஊரில்'. தாயைப் பிரிந்திருப்பதை அவள் வகுப்பில் எவரிடமும் சொன்னதில்லை. பதினெட்டு எழுத்துகளையும் வரிசை பிறழாமல் கற்று, எனக்கு மட்டும் சொன்னாள்.

அவ்வரியின் கீழே நானும் எழுதினேன்: 'எக் அய்யாழுய்'. அவள் விரல்விட்டு எண்ணினாள். பின் நிமிர்ந்து என்னை நோக்கினாள்.

மாணவர்களே, நீங்களும் எண்ணிப் படித்துப் பாருங்கள்.